ஒன்றுபோல் சுடும் தோட்டாக்கள்: ரீலோடிங் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

100 கஜத்தில் மூன்று குண்டும் ஒட்டிக்கொண்டு விழுந்த அதே தோட்டா, 1000 கஜத்தில் மேலும் கீழுமாகச் சிதறும். ரீலோடிங் என்பது, சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் (கேஸ்) புதிய பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), பவுடர் (வெடிமருந்து), புல்லட் (பறந்துபோகும் குண்டு) வைத்து மறுபடி தோட்டா செய்வது. இதைப் புதிதாகச் செய்கிறவர்கள் பலரும் குழம்பிப்போவது இந்த இடத்தில்தான். ரைபிளையோ ஸ்கோப்பையோ சந்தேகப்படுவதற்கு முன் பார்க்க வேண்டியது வேகம். 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகைக்கான ரைபிளில் 140 கிரெயின் (சிறு எடை அலகு) புல்லட் வினாடிக்கு 2700 அடி வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தோட்டா 30 அடி குறைவாக, 2670-ல் கிளம்பினால் 100 கஜத்தில் வித்தியாசம் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது, கண்ணுக்கே தெரியாது. 1000 கஜத்தில் அந்த 30 அடி, குண்டை 7, 8 அங்குலம் கீழே இறக்கிவிடும்.

தோட்டாவுக்குத் தோட்டா வரும் இந்த வேறுபாட்டை எப்படிக் குறைப்பது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப்போகிறேன். ரீலோடிங் மேசையில் செய்யக்கூடிய வேலைகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் நாலைந்து மட்டுமே பெரிய பலன் தருகின்றன. அந்த நாலைந்து எவை என்று உங்கள் ரைபிளில் நீங்களே கண்டுபிடிக்க வேண்டுமானால் நேர்மையாக அளக்கத் தெரிய வேண்டும். அதனால் அளவீட்டுக்கு இந்தக் கட்டுரையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் பாதுகாப்பு

நீங்கள் இருக்கும் நாட்டில் தோட்டா நிரப்ப உரிமம் தேவையா, பவுடரும் பிரைமரும் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே கருவி வாங்குங்கள். சில நாடுகளில் இதற்கு அனுமதியே இல்லை.

பவுடர் அளவை எப்போதும் பவுடர் அல்லது புல்லட் தயாரிப்பாளர் வெளியிட்ட கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். நண்பர் சொன்னார், யாரோ எழுதியிருந்தார் என்று ஒரு எண்ணையும் நிரப்பாதீர்கள். கையேட்டில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏறுங்கள். அதற்குக் கீழேயும் போகாதீர்கள், குறிப்பாக மெதுவாக எரியும் பவுடர்களில். பாதி நிரம்பிய கேஸில் அவை எதிர்பாராத அழுத்தத்தைக் காட்டக்கூடும். 6.5 கிரீட்மோருக்கும் .308 வின்செஸ்டருக்கும் அமெரிக்கத் தர அமைப்பான சாமி வகுத்த உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அது நிகழ்வது உங்கள் முகத்துக்குச் சில அங்குலம் முன்னால். ரைபிளின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் தூக்கக் கடினமாக இருந்தால், கேஸின் அடியில் எஜெக்டரின் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் பாகம்) தடம் பளபளவென்று பதிந்திருந்தால், அதோடு நிறுத்திவிடுங்கள். இந்த அறிகுறிகள் தென்படும்போது வரம்பை ஏற்கெனவே தாண்டியிருக்கலாம். அறிகுறி எதுவும் இல்லை என்பதால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

புல்லட், பவுடர், பிரைமர், கேஸ் என எதை மாற்றினாலும் மறுபடியும் கீழிருந்து தொடங்க வேண்டும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பா. கண்ணாடி அணியுங்கள். பேசிக்கொண்டே நிரப்பாதீர்கள்.

கேஸ்

சீரான தோட்டாவுக்கு அடித்தளம் பித்தளைக் கேஸ். ஒரே தயாரிப்பாளர், ஒரே லாட் (ஒரே தொகுப்பாகத் தயாரானவை), ஒரே எண்ணிக்கையில் சுடப்பட்டவை. இந்த மூன்றும் பொருந்திய 100 கேஸை ஒரு பெட்டியில் தனியாக வையுங்கள். சுடுதளத்தில் பொறுக்கிய பலவகைக் கேஸ்களைக் கலந்து நிரப்பிவிட்டு, பவுடரைத் துளித்துளியாக நிறுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. கேஸின் சுவர் தடித்திருந்தால் உள்கொள்ளளவு குறையும். கொள்ளளவு குறைந்தால் அதே பவுடருக்கு அழுத்தமும் வேகமும் ஏறும். ராணுவத்துக்கென்று செய்த 7.62 கேஸ்கள் பலவற்றில் பித்தளை அதிகம். அவற்றில் .308 கையேட்டின் உச்ச அளவை அப்படியே போடுவது ஆபத்து.

கேஸின் உள்ளே எட்டிப்பாருங்கள். நடுவில் ஒரே தீத்துளை இருந்தால் பாக்ஸர் வகை, ரீலோடிங்குக்கு ஏற்றது. இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டன் வகை. வழக்கமான டையில் (கேஸை ஒடுக்கும் அச்சு) பழைய பிரைமரைத் தள்ளும் ஊசி அதில் உடைந்துபோகும். ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது அளவுக்குக் கொண்டுவருவது, அதாவது ரீசைஸ். சுட்டபோது சேம்பருக்கேற்ப (குழலில் தோட்டா அமரும் அறை) விரிந்த கேஸை டை திரும்ப ஒடுக்குகிறது. டை பெட்டியில் இருக்கும் குறிப்பு, டையை, கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும் வரை இறக்கி இன்னும் கொஞ்சம் திருகச் சொல்லும். எல்லா ரைபிளிலும் நுழைய வேண்டும் என்று எழுதிய குறிப்பு அது. அப்படிச் செய்தால் கேஸின் தோள் (உடல் ஒடுங்கிக் கழுத்தாகும் சரிவு) தேவைக்கு மேல் பின்னுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் பித்தளை நீண்டு நீண்டு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே மெலிந்து, கடைசியில் அங்கேயே அறுந்துவிடும்.

ஒரு தோள் அளவி வாங்குங்கள். காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவியில் மாட்டும் சிறிய துண்டுதான். சுட்ட கேஸிலிருந்து பழைய பிரைமரை எடுத்துவிட்டு, அடியிலிருந்து தோள் வரையிலான நீளத்தை அளங்கள். ஒருமுறை மட்டும் சுட்ட கேஸ் சேம்பரை முழுசாக நிறைத்திருக்காது. ஆகவே இரண்டு மூன்று முறை சுட்ட கேஸ்களில் ஐந்தாறை எடுத்து, அதிக நீளம் காட்டுவதைக் கணக்கில் கொள்ளுங்கள். போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்கு அதிலிருந்து 0.001 முதல் 0.002 அங்குலம் வரை தோளைப் பின்னுக்குத் தள்ளினால் போதும். தானியங்கி ஏற்றம் உள்ளவற்றுக்கு 0.003 அல்லது சற்று அதிகம் தேவைப்படும். டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து, அந்த இடத்தில் பூட்டிவிடுங்கள். கேஸுக்கு லூப் (மசகு) தடவுவதும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். அதிகம் தடவியதும் குறைவாகத் தடவியதும் டையிலிருந்து வேறு வேறு நீளத்தில் வெளிவரும். டையை மாட்டி இயக்கும் பிரஸ்ஸின் கைப்பிடியைக் கீழே இறக்கி ஒன்றிரண்டு வினாடி அங்கேயே பிடித்திருந்தால் அளவு இன்னும் சீராக வரும்.

நீளம் வெட்டுவது, வாயின் உள்ளும் புறமும் பிசிறெடுப்பது எல்லாம் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். இதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் சரி.

கழுத்துப் பிடிப்பு

புதியவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. கேஸின் கழுத்து புல்லட்டை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பது தோட்டாவுக்குத் தோட்டா மாறினால், பவுடர் எரியத் தொடங்கும் அந்தக் கணம் மாறும், வேகமும் மாறும். பவுடரை எவ்வளவு நுணுக்கமாக நிறுத்தாலும் இதை ஈடுகட்ட முடியாது.

அளப்பது எளிது. ரீசைஸ் செய்த கழுத்தின் வெளிவிட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புல்லட்டைச் செருகியபின் அதே இடத்தில் மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிடிப்பின் அளவு. 0.002 அங்குலம் தொடங்குவதற்கு நல்ல எண். போட்டிக்காரர்கள் 0.001-லும் சுடுகிறார்கள், 0.003-லும் சுடுகிறார்கள். அந்த எண்ணைவிட, எல்லாத் தோட்டாவிலும் அது ஒன்றாக இருப்பது முக்கியம்.

இதைக் கெடுப்பவை மூன்று. முதலாவது, சாதாரண டைக்குள் இருக்கும் விரிப்பான் உருண்டை. டை கழுத்தைத் தேவைக்கு மேல் ஒடுக்கிவிடும்; பிறகு இந்த உருண்டை கழுத்தின் வழியே மேலேறி விரிக்கும். கழுத்தின் உட்புறம் உலர்ந்திருந்தால் உருண்டை பிடித்து இழுத்து, கழுத்தைக் கோணலாக்கும், தோளையும் முன்னுக்கு இழுக்கும். உட்புறம் லேசாக லூப் தடவுவது பாதித் தீர்வு. உருண்டையைக் கழற்றிவிட்டு, தனியாக ஒரு மேண்ட்ரலை (சரியான விட்டமுள்ள உருளைத் தண்டு) மேலிருந்து கழுத்துக்குள் இறக்குவது முழுத் தீர்வு. நான் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பது மேண்ட்ரலைத்தான். விலை குறைவு, பலன் உடனே தெரியும்.

இரண்டாவது, பித்தளை கெட்டிப்படுவது. ஒவ்வொரு முறை விரிந்து ஒடுங்கும்போதும் கழுத்து கடினமாகிக்கொண்டே போகும், ஸ்பிரிங் போல எதிர்த்து நிற்கும். அதே டை, அதே அளவு. ஆனாலும் ஆறாம் முறை சுடும் கேஸ் முதல்முறைக் கேஸைப் போலப் பிடிக்காது. அனீலிங் என்ற சூடாக்கும் முறை இதைச் சரிசெய்கிறது. இதில் ஒரு விதியை மீறவே கூடாது: கழுத்தும் தோளும் மட்டுமே சூடாக வேண்டும். அடிப்பாகம் இளகிவிட்டால் அந்தக் கேஸ் அழுத்தத்தைத் தாங்காது, வாயு உங்கள் பக்கம் பீறிடும். அனுபவம் உள்ளவர் ஒருவர் அருகில் இருந்து காட்டாமல் இதில் இறங்காதீர்கள். அதுவரை, கேஸ்களை அவை சுடப்பட்ட எண்ணிக்கைப்படி பிரித்து வைத்தாலே போதும். அனீலிங் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு சுற்றுக்கும் செய்கிறீர்களோ மூன்று சுற்றுக்கு ஒருமுறை செய்கிறீர்களோ, பெட்டியில் உள்ள எல்லாக் கேஸுக்கும் சேர்த்தே செய்யுங்கள்.

மூன்றாவது, அளவுக்கு மீறிய சுத்தம். எஃகு ஊசிகளோடு தண்ணீரில் உருட்டிய கேஸ், உள்ளேயும் வெளியேயும் தங்கம்போல மின்னும். பார்க்க அழகுதான். ஆனால் சுட்டபின் கழுத்துக்குள் படியும் மெல்லிய கரி நல்ல மசகு. அதை முழுசாக எடுத்துவிட்டால் புல்லட் உரசிக்கொண்டு இறங்கும், செருகும் விசை ஒவ்வொன்றிலும் வேறாக இருக்கும். கழுத்தை நைலான் பிரஷ்ஷால் இரண்டு முறை தேய்த்து, தளர்ந்த கரியை மட்டும் எடுங்கள். முழுக்கச் சுத்தம் செய்வதுதான் உங்கள் வழக்கம் என்றால், புல்லட் செருகும் முன் கழுத்தின் உள்ளே கொஞ்சம் கிராஃபைட் தூளைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

பிரைமர்

பிரைமர் குழியின் அடியைத் தொடும் வரை அழுத்துங்கள். சரியாக அமர்ந்த பிரைமர் கேஸின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் வரை உள்ளே இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றால் போல்ட் மூடும்போதே வெடிக்கும் அபாயம் உண்டு. அடியைத் தொடாமல் நின்றால் அடிக்கும் ஊசியின் விசையில் ஒரு பங்கு பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே போய்விடும், பற்றுவது சீராக இருக்காது. எண்ணெய்க் கையோடு பிரைமரைத் தொடாதீர்கள். இதற்கு மேல் பிரைமரில் தொடக்கத்தில் செய்ய ஒன்றும் இல்லை.

பவுடர்

தராசைப் பற்றிப் பேசும் முன் ஒரு கணக்கு. 6.5 கிரீட்மோர் அளவிலான கேஸில் 0.1 கிரெயின் பவுடர் கூடினால் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 6 அடி கூடும். .223 போன்ற சின்னக் கேஸில் அதே 0.1 கிரெயின் இன்னும் அதிகம் மாற்றும். சாதாரண டிஜிட்டல் தராசு 41.5 என்று காட்டினால் உண்மையில் அது 41.4 முதல் 41.6 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆக, தராசு ஒழுங்காக வேலை செய்தாலே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 12 அடி வித்தியாசம் வர இடமிருக்கிறது.

உடனே விலையுயர்ந்த தராசு வாங்க ஓடாதீர்கள். முதலில் இருப்பதை ஒழுங்காக நடத்துங்கள். சொன்னால் சிறியதாகத் தெரியும் இந்த விஷயங்கள் ஒவ்வொன்றும் 0.1 கிரெயினைத் தின்னக்கூடியவை: தராசைப் போட்டு அரைமணி நேரமாவது சூடேற விடுங்கள். மின்விசிறி, ஏசி, திறந்த ஜன்னல் எதன் காற்றும் அதன்மேல் படக்கூடாது. செல்போனைத் தள்ளி வையுங்கள். மேசை ஆடக்கூடாது. பிளாஸ்டிக் தட்டில் நிலைமின்சாரம் ஏறும். உலோகத் தட்டு நல்லது. நீங்கள் நிரப்பும் எடைக்கு நெருக்கமான ஒரு சோதனை எடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை வைத்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கடைசிப் பத்தையும் திரும்பக் கொட்டி நிறுங்கள். பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் டிரிக்லரில் கடைசித் துணுக்குகள் விழும்போது மலிவான தராசுகள் அந்தச் சிறு மாற்றத்தைக் கண்டுகொள்ளாமல் அப்படியே நிற்கும். தட்டைத் தூக்கி மறுபடி வைத்தால் உண்மையான எடை தெரியும். பழைய காலத்துத் துலாத் தராசு மெதுவானது, ஆனால் இந்தத் தொந்தரவுகள் பலவும் அதற்கு இல்லை. இன்றும் நம்பலாம்.

பவுடரின் வடிவமும் முக்கியம். சின்ன உருண்டைகளாக இருக்கும் பவுடர் அளவுக் கருவியில் தண்ணீர்போல ஓடும். கொள்ளளவால் அளந்து ஊற்றினாலே நன்றாக வரும். குச்சி வடிவப் பவுடர் கருவியில் வெட்டுப்பட்டு, அடைத்துக்கொண்டு விழும். அதை எடை போட்டே ஆக வேண்டும். அப்படியிருந்தும் நீண்ட தூரச் சுடுதலில் குச்சிப் பவுடரையே பலர் விரும்புவதற்குக் காரணம் வெப்பம். வார்கெட், ஹெச்4350 போன்றவை வெப்பநிலை மாறினாலும் வேகம் அதிகம் மாறாதபடி தயாரிக்கப்பட்டவை. காலையில் சரிபார்த்த வேகம் உச்சிவெயிலிலும் ஏறக்குறைய நிற்கும்.

பவுடரைத் தேர்ந்தெடுக்கும்போது கேஸை எவ்வளவு நிறைக்கிறது என்று பாருங்கள். ஒரே புல்லட்டுக்குக் கையேடு பல பவுடர்களைக் காட்டும். கேஸில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிறையும் பவுடர்கள் பொதுவாகச் சீராக எரிகின்றன. காலியிடம் அதிகம் இருந்தால் பவுடர் முன்னும் பின்னும் சரியும். பிரைமருக்குப் பக்கத்தில் கிடக்கிறதா தள்ளிக் கிடக்கிறதா என்பதைப் பொறுத்து வேகம் மாறும்.

புல்லட்டைச் செருகுவது

தோட்டாவின் மொத்த நீளத்தைக் காலிப்பரில் அளந்தால் 0.010 அங்குலம் வரை முன்னும் பின்னும் காட்டி உங்களைப் பயமுறுத்தும். போட்டிப் புல்லட்டுகளின் நுனி திறந்தும் கரடுமுரடாகவும் இருப்பதால் வரும் வித்தியாசம் அது. சுடும்போது குழலின் புரியை (உட்சுவரில் சுழன்று செல்லும் வரிகள்) தொடப்போவது நுனி இல்லை, பக்கவாட்டு வளைவில் உள்ள ஒரு வட்டம். ஆகவே அடியிலிருந்து அந்த வட்டம் வரை அளக்கும் கம்பரேட்டரைப் பயன்படுத்துங்கள். அதில் எல்லாத் தோட்டாவும் 0.002 அங்குலத்துக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். அதைவிட அதிகம் சிதறினால், டைக்குள் புல்லட்டைத் தள்ளும் தண்டு உங்கள் புல்லட்டின் வளைவுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். நுனியை முட்டித் தள்ளும் தண்டு ஒருபோதும் சீரான ஆழம் தராது.

புரிக்கும் புல்லட்டுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது? 0.020 அங்குலம் பலரும் தொடங்கும் இடம். அங்கிருந்து கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். புரியைத் தொடும்படியோ அதில் அழுந்தும்படியோ வைத்தால் அழுத்தம் ஏறும் என்பதை மறக்காதீர்கள். அப்படி அழுந்திய தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்தால், புல்லட் குழலிலேயே மாட்டிக்கொள்ள, பவுடர் முழுவதும் ரைபிளின் போல்ட் பகுதியான ஆக்‌ஷனுக்குள் கொட்டும். புதியவர்கள் புரியிலிருந்து தள்ளியே இருங்கள். தோட்டா மேகசினுக்குள் போக வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கைப்பிடியை இறக்கும்போது கையில் உணரும் விசையைக் கவனியுங்கள். ஒன்று வெண்ணெயாக இறங்கி, அடுத்தது திக்கித் திக்கி இறங்கினால் கழுத்துப் பிடிப்பு சரியில்லை என்று அர்த்தம். அந்த இரண்டையும் தனியாக எடுத்து வையுங்கள். புல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் அவை தனியாகவே தெரியும்.

அளந்து பார்ப்பது

இப்போது இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டு, ஐந்து தோட்டா சுட்டு, குரோனோகிராஃப் காட்டும் எண்ணைப் பார்த்து "திட்டவிலக்கம் 6" என்று மகிழ்ந்துபோகிறார்கள். அடுத்த வாரம் அதே தோட்டா 14 காட்டுகிறது. எதுவும் கெட்டுப்போகவில்லை. ஐந்து தோட்டாவால் அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும், பள்ளியில் படித்த திட்டவிலக்கமேதான். ஐந்து தோட்டாவில் 10 என்று வந்தால், உண்மையான மதிப்பு 6-லிருந்து 29 வரை எங்கும் இருக்கலாம், 95 சதவீத உறுதியோடு அவ்வளவுதான் சொல்லலாம். பத்துத் தோட்டா என்றால் 7 முதல் 18. இருபது என்றால் 7.6 முதல் 14.6. இருபதிலிருந்துதான் அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பு வருகிறது. பவுடரும் புல்லட்டும் செலவாகும், குழலும் தேயும், தெரியும். ஐந்து ஐந்தாக ஏழெட்டு விதம் சுட்டு எதுவும் தெரியாமல் திரும்புவதைவிட, இரண்டே விதத்தை இருபது இருபதாகச் சுடுவது குறைந்த செலவு.

வீச்சு, அதாவது அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் உள்ள தூரம், பலருக்குப் பிடித்த அளவு. அது எத்தனை தோட்டா சுட்டீர்கள் என்பதைப் பொறுத்து வளரும். திட்டவிலக்கம் 10 உள்ள தோட்டாவில் ஐந்து சுட்டால் சராசரியாக 23 அடி வீச்சு வரும். பத்துச் சுட்டால் 31. இருபது சுட்டால் 37. எனவே "என் வீச்சு 20 அடிதான்" என்று யாராவது சொன்னால் எத்தனை தோட்டா என்று கேளுங்கள். இலக்குத் தாளிலும் இதே கதை. மூன்று குண்டுக் கூட்டத்தைவிட அதே தோட்டாவின் பத்துக் குண்டுக் கூட்டம் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதாக இருக்கும்.

பவுடர் அளவைப் படிப்படியாக ஏற்றி, படிக்கு ஒரு குண்டு சுட்டு, வேகம் ஏறாமல் நிற்கும் "சமதளத்தை"த் தேடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. புதியவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். காரணம் சொல்கிறேன். படிக்கு 0.2 கிரெயின் வீதம் ஏற்றினால் வேகம் 12 அடி ஏற வேண்டும். தோட்டாவின் திட்டவிலக்கம் 10 என்றால், அதிகப் பவுடர் உள்ள தோட்டா முந்தையதைவிட மெதுவாகப் போவதே ஐந்தில் ஒரு முறை நடக்கும். பத்துப் படி சுட்டால் எங்காவது ஒரு சமதளம் தோன்றாமல் போவதுதான் அபூர்வம். மறுபடி சுட்டால் அது வேறு இடத்தில் தோன்றும். அழுத்த அறிகுறிகளைக் கவனித்தபடி மேலே போவதற்கு இந்தப் படி முறை நல்லது. சிறந்த அளவைத் தேர்ந்தெடுப்பதற்கு உதவாது.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும், பணத்தை எங்கே செலவழிப்பது என்பதை இதுதான் சொல்லும். வேறுபாடுகள் நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடி வர்க்கமூலமாக வெளிவருகின்றன. கழுத்துப் பிடிப்பும் மற்றவையும் சேர்ந்து 10 அடி, பவுடர் நிறுப்பதால் 4 அடி என்று வையுங்கள். மொத்தம் 14 வராது. 100-ம் 16-ம் சேர்ந்து 116, அதன் வர்க்கமூலம் 10.8. இப்போது மிக விலையுயர்ந்த தராசு வாங்கி அந்த 4 அடியை முழுசாக ஒழித்தாலும் 10.8 என்பது 10 ஆகத்தான் குறையும். அதே உழைப்பில் கழுத்தைச் சரிசெய்து 10-ஐ 5 ஆக்கினால் மொத்தம் 6.4-க்கு வந்துவிடும். பெரியதை முதலில் அடியுங்கள். பெரியது எது என்று தெரியாவிட்டால், கேஸிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு மாற்றம் பலன் தருகிறதா என்று பார்க்கும் முறை இதோ. பழைய முறையில் 20 தோட்டா, புதிய முறையில் 20. ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சுடும்போது பழையது ஒன்று, புதியது ஒன்று என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். அப்போதுதான் குழல் சூடாவதும் வெயில் ஏறுவதும் இரண்டையும் ஒரே மாதிரி பாதிக்கும். சுத்தம் செய்த குழல் என்றால் முதலில் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள். எத்தனை என்பதைச் சுடுவதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள், எண்ணைப் பார்த்தபின் வேண்டாம். சூடான சேம்பரில் தோட்டாவைப் போட்டுவிட்டுக் காற்றுக்காகக் காத்திருக்காதீர்கள். பவுடர் சூடேறி வேகம் ஏறும்.

பிடிக்காத எண் ஒன்று வந்தால் "அது கணக்கில்லை" என்று நீக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நீக்காதீர்கள். சுட்ட கையில் தவறு நடந்தாலும் புல்லட்டின் வேகம் அதனால் மாறாது. அந்த ஒற்றைத் தோட்டாதான் உங்கள் முறையில் எங்கோ ஓட்டை இருப்பதைச் சொல்கிறது. அதன் கேஸைக் குறியிட்டு எடுத்து வைத்து, அடுத்த முறையும் அதே கேஸ் தவறுகிறதா என்று பாருங்கள்.

முடிவில் திட்டவிலக்கம் 10-ம் 8-ம் வந்தால் இரண்டும் ஒன்றே என்று கொள்ளுங்கள். இருபது தோட்டாவால் அந்த வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்ல முடியாது. எது சுலபமோ அதைப் பின்பற்றுங்கள். 15-ம் 8-ம் வந்தால் அது நிஜமான முன்னேற்றம்.

குரோனோகிராஃபைப் பற்றிச் சுருக்கமாக. குழலின் நுனியில் கட்டும் காந்த வகை, வேகத்தை நன்றாகக் காட்டும், ஆனால் குண்டு விழும் இடத்தை மாற்றும்; அதை மாட்டிக்கொண்டு இலக்குத் தாளை மதிப்பிடாதீர்கள். ஒளி உணரும் வகையை வெயிலும் மேகமும் ஏமாற்றும். ரேடார் வகைக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

இப்போதைக்கு விட்டுவிடக் கூடியவை

கழுத்தின் சுவரைச் சீவுவது, பிரைமரை எடைபோட்டுப் பிரிப்பது, புல்லட்டின் நுனியைக் கூராக்குவது எல்லாம் திட்டவிலக்கம் ஏற்கெனவே 7, 8-ல் இருப்பவர்களுக்கு. கேஸை எடைபோட்டுப் பிரிப்பதும் அப்படியே. கேஸில் நமக்கு வேண்டியது உள்கொள்ளளவு. எடை அதற்கு ஒரு சுமாரான சாட்சி மட்டும்தான், ஏனென்றால் விளிம்பிலும் எஜெக்டர் பள்ளத்திலும் உள்ள பித்தளையும் அதில் சேர்ந்துவிடும். நிரப்பிய தோட்டாவின் கோணலை அளக்கும் கருவி வைத்திருந்தால் 0.003 அங்குலத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மேலே போங்கள். தீத்துளையின் உட்புறப் பிசிறை எடுப்பது மட்டும் ஒரு கேஸுக்கு ஒரே முறை செய்யும் வேலை, மனநிறைவுக்காகச் செய்துவிடலாம்.

குறிப்பேடு

ஒவ்வொரு பெட்டியிலும் இவை எழுதியிருக்கட்டும்: கேஸின் லாட், எத்தனையாவது சுற்று, கடைசியாக அனீல் செய்தது எப்போது, தோள் நீளம், கழுத்துப் பிடிப்பு, பிரைமரின் லாட், பவுடரின் பெயரும் லாட்டும், எடை, புல்லட்டின் லாட், கம்பரேட்டர் நீளம், சுட்ட நாளின் வெப்பநிலை, ஒவ்வொரு குண்டின் வேகமும். சராசரியை மட்டும் எழுதி வைத்தால் பிறகு வேறு நாளின் சுடுதலோடு சேர்த்துக் கணக்கிட முடியாது. தனித்தனி வேகங்கள் இருந்தால், ஆறு மாதத்தில் உங்கள் ரைபிளைப் பற்றி நூறு குண்டுகளின் கணக்கு கையில் இருக்கும்.

பவுடர் டப்பா தீரும் முன்பே அடுத்ததை வாங்கி லாட் எண்ணைப் பாருங்கள். லாட் வேறு என்றால், ஒரே பெயருள்ள பவுடராக இருந்தாலும் எரியும் வேகம் சற்று மாறியிருக்கும். பழைய எடையை அப்படியே போடாமல் சில படி கீழிறங்கி, அழுத்த அறிகுறிகளைக் கவனித்தபடி பழைய வேகத்துக்கு ஏறி வாருங்கள். புதிய எடை முன்பைவிட 0.2, 0.3 கிரெயின் தள்ளி அமைவது சாதாரணம். பழைய லாட்டில் மிஞ்சியதைப் புதியதோடு கலந்து ஊற்றாதீர்கள். அதை அதன் டப்பாவிலேயே மூடி, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைத்து, குழலைப் பதப்படுத்தும் முதல் சில குண்டுகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.